சூம்பல் நாற்றைப் பிடுங்கியவன்

நான் வேலை செய்த இடத்தில் சுகமான பயிரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் மேற்கோட்டைக் கழற்றியதும் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது குறண்டிப்போன செடியைத்தான். ரொறன்ரோவில் ஓர் ஆய்வுகூடம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தண்ணீர் விடுவதும் நாற்றுத் தட்டுக் கழுவுவதும் என் வேலை. செடியோ கடுகுச் சாதிக் களை, ஊரில் என்றால் ஆடுகூடக் கடிக்காது. அதன் விதையை நஞ்சில் ஊறப்போட்டுக் கெடுத்து, பிறகு அதன் பிள்ளைகளில் எது ஊனமாக முளைக்கிறது என்று தேடுவார்கள். பூக்காத செடி கிடைத்தால், பூவை வரவைக்கும் மரபணுவில்தான் பழுது என்று பிடித்துவிடலாமாம். படித்த மனிதர்களின் பிழைப்பு.

இதை எனக்கு முதலில் ஒருவரும் சொல்லவில்லை. மேற்பார்வை செய்த லிண்டா, "தட்டுகளைத் துப்புரவாக வைத்திரு" என்றாள், அவ்வளவுதான். நான் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்கு நாற்றுமேடை போட்டவன். சூம்பலை, வளராமல் குறண்டிய நாற்றை, பிடுங்காமல் விட்டால் என்னைப் பெற்ற ஐயாவின் கை பிடரியில் விழும். அதை நினைத்து நான் உருகவில்லை. முதுகு முறிந்த வாழ்க்கை. ஆனால் கை பழகிவிட்டது. ஒரே காலையில் நாற்பது தட்டு. ஒரு சூம்பல் மிச்சமில்லை.

பாராட்டுக்குக் காத்து நின்றேன். லிண்டா குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டாள்.

"நல்லதை எல்லாம் விட்டிருக்கிறேன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"நல்லது யாருக்கு வேண்டும்?" என்று அழுதாள்.

டோர்செட் பார்க்கில் என்னோடு அறையில் இருந்த சிவமண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "எட, உவங்கள் நொண்டியளைத் தேடுறாங்கள், நீ எல்லாத்தையும் சாக்காட்டிப்போட்டாய். நாளைக்கு உன்னையும் அந்தத் தொட்டிக்கைதான் போடுவாங்கள்."

"சிரியாதேங்கோ அண்ணை. வேலை போனா மனுசியை எப்பிடி எடுக்கிறது?"

மனைவி கொழும்பில் லொட்ஜில் இருந்தாள். வேலைக் கடிதம் இல்லாமல் அவளைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் இல்லை.

மறுநாள் ஆய்வுகூடத்தை நடத்திய பேராசிரியரிடம் நேரே போனேன். எந்தத் தட்டில் எப்படிப்பட்ட சூம்பல் நின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நாற்றுக்காரனுக்கு அது மறக்காது. பதினேழாம் தட்டில் நாலில் ஒன்றுக்கு நடுக்குருத்தே இல்லை என்றதும் மனிதர் நிமிர்ந்தார். ஒரு தட்டில் முளைத்தது எல்லாம் ஒரே தாய்ச்செடியின் விதை. ஒவ்வொரு தாயின் மிச்ச விதையும் கடித உறையில் இருந்தது. பழுது பரம்பரையில் இருந்தால் திரும்பவும் முளைக்கும்.

"முளைக்கட்டும். பிறகு உன் வேலையைப் பற்றிப் பேசுவோம்" என்றார் பேராசிரியர்.

அந்த மிச்ச விதையை விதைத்துப் பத்து நாள் தண்ணீர் விட்டேன். பதினோராம் நாள் பதினேழாம் தட்டில் நடுக்குருத்து இல்லாத நாற்றுகள், நாலுக்கு ஒன்றாக. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சூம்பலைக் கண்டு சிரித்தேன்.

"வேலைக் கடிதம்?" என்று கேட்டேன்.

"இன்றைக்கே தருகிறோம்" என்றாள் லிண்டா. "ஆனால் தொடாதே."

தொடவில்லை. கண்ணுக்கு அந்தச் சூம்பலில் மனைவி விமானத்தால் இறங்குவது தெரிந்தது. விரல்களோ அதைப் பிடுங்கத் துடித்தன. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.