ஒரிஜினல் தாய்மாமன்

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் உண்மையான எதற்கும் ஒரே சொல்தான்: ஒரிஜினல். தேன் ஒரிஜினல், நெய் ஒரிஜினல், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் கூலிங் கிளாஸும் ஒரிஜினல். பள்ளியில் இங்கிலீஷ் நடத்திப் பிழைக்கும் நான்தான் ஜெனியூன், அதென்டிக், சின்சியர் என்று கிடந்து அல்லாடுகிறேன். சின்சியர் என்றால் லத்தீனில் ‘மெழுகில்லாதது’, அதாவது மெழுகு பூசி விரிசலை மறைக்காத சிலை என்று ஒரு கதை உண்டு. சொல்லின் வேர் தெரிந்தவர்கள் அதை நம்புவதில்லை. உண்மைக்கான சொல்லுக்கே பொய்யான பூர்வீகம்! வகுப்பில் என்னவோ அந்தக் கதையைத்தான் பிள்ளைகள் ரசித்துக் கேட்கிறார்கள்.

போன வைகாசியில் என் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. என் அண்ணன் என்னோடு பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அப்பாவின் நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் வாய் திறந்ததுதான் குற்றம். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா என்று கலங்கிக்கொண்டிருந்தபோது, கோயில் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. மீசையை முறுக்கியபடி அண்ணன். கீழே ‘ஒரிஜினல் தாய்மாமன்’. டூப்ளிகேட் யாரும் போட்டிக்கு வரவில்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கை நல்லதுதானே. மேளத்தோடு சீர்த்தட்டுகளும் வந்தன. சிரிப்பு வந்தாலும் மனசு நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

அண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஜெனியூன் என்ற சொல்லுக்கு லத்தீனில் முழங்கால்தான் வேர் என்று சிலர் சொல்வார்கள். பிறந்த குழந்தையைத் தகப்பன் முழங்காலில் வைத்து, ‘இது என் பிள்ளை’ என்று ஊரறிய ஏற்றுக்கொள்வானாம். அதெல்லாம் இல்லை, பிறவியிலேயே வந்தது என்பதுதான் பொருள் என்று மறுப்பவர்களும் உண்டு. எங்களிடம் இரண்டுமே இருக்கிறது என்று பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்தார். அண்ணன் என்னைக் குனியச் சொல்லி, காதோரமாகக் கேட்டார்.

“கண்ணு, ஒரிஜினல் ஆதார் கொண்டாந்திருக்கியா?”

“எதுக்குங்கண்ணா?”

“நாளைக்கி ரிஜிஸ்டர் ஆபீசு போயி, நெலத்துல பங்கு வேண்டாம்னு ஒரு கையெழுத்து போட்டுரு. அப்பறம் நம்மளுக்குள்ள என்ன இருக்குது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடிக்கு வாடகை கேட்கிறார்! பிள்ளையை அவரிடமிருந்து தூக்கி, எதிரே நானே மடி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

“என்ன கண்ணு இது, மாமன் நான் இருக்கறப்ப? சனம் பாக்குது.”

“பாக்கட்டுங்கண்ணா. நானும் அப்பாவுக்கு ஒரிஜினல் புள்ளதான்,” என்றேன், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. “ஆசாரி, நீங்க குத்துங்க.”