தப்பான வசனம்

"கார்டு நம்பர்தானே தம்பி, சொல்றேன். கண்ணாடி போட்டுக்கறேன், இரு," என்று சொல்லிவிட்டு வேதசிரோமணி போனை மாவு மில்லின் தராசுத் தட்டில் வைத்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. கரண்ட் போயிருந்ததால் மில் அமைதியாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது ஸ்பீக்கர்.

"இருக்கேன். முதல்ல உன் கேட் பாஸ் நம்பரச் சொல்லு."

"என்ன பாஸ் சார்?"

"எங்க ஸ்டோர்ஸ்லருந்து பாஸ் இல்லாம ஒரு திருகாணி வெளிய போகாது தம்பி. கார்டு நம்பர் மட்டும் எப்படிப் போகும்?"

அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மில்காரர் நசீருதீன் மிளகாய்த் தூள் படிந்த கையால் தொடையைத் தட்டினார்.

"இன்னா சார், சீக்கிரமே வுட்டுட்டீங்க. போன வாரம் ஒருத்தன அழவே வெச்சீங்களே."

"இவன் புதுசு. பாவம்."

வேதசிரோமணி விமானப்படைத் தளத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் வீடு. மாசி பிறந்தும் காலைப் பனி விடவில்லை என்பதால் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பால், காய், மாவு மில், கரண்ட் ஆபீஸ் என்று ஒரு சுற்று வருவார். இந்தச் சுற்றுக்கு நடுவில்தான் போன்கள் வரும். பார்சல் பிடிபட்டது என்பார்கள், சிம் கார்டு முடங்கப்போகிறது என்பார்கள். மற்றவர்களுக்கு அது பேஜார். அவருக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த வேலை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் அந்த வாரத்துக் கதையைக் கேட்க நாலு பேர் நிற்பார்கள்.

மகன் காலேப் பெங்களூரிலிருந்து ஒருமுறை எச்சரித்திருந்தான். "இப்ப குரலையே செஞ்சிடறாங்கப்பா. நானே அழுதுகிட்டு பேசினாலும் நம்பாதீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது கேளுங்க." எதைக் கேட்பது என்று வேதசிரோமணிதான் முடிவு செய்தார். வருடப் பிறப்பு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் வரும் வசனம்தான் அந்த வீட்டுக்கு வருடம் முழுவதும். இந்த வருடம் அவர்களுக்கு வந்தது விதைப்பையும் அறுப்பையும் பற்றியது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தெரியாது.

போன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"ரெண்டாவது ஆட்டம்," என்றார் நசீருதீன்.

வேதசிரோமணி ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணா, நான் ரத்தினம். வெச்சிடாதீங்கண்ணா."

தங்கை ரத்தினபாயின் குரல். அச்சு அசலாக இருந்தது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. அவரும் தங்கையும் பேசி வருடங்கள் ஆகின்றன. அவளும் அவள் கணவர் ஆசீரும் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, கோவளம் கடலில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்த நாளோடு பேச்சு நின்றது. அப்பா சர்ச்சில் ஆயராக இருந்தவர், குழந்தையிலேயே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். "அப்பா கையால வாங்கினது உனக்குப் பத்தலையா?" என்று கேட்டுவிட்டு வேதசிரோமணி அவள் எண்ணைத் தன் போனில் தடுத்து வைத்தார். ஆசீர் அவருடைய ஸ்டோர்ஸ் சிநேகிதர். தங்கைக்கு அந்த வரனைக் கொண்டுவந்ததே வேதசிரோமணிதான். அவர்கள் வீடு இருந்த முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது அவர்கள் குடும்பம் இவர் வீட்டில்தான் தங்கியது. சண்டைக்குப் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆசீர் கேட்டில் ஒரு கேக் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவார். வேதசிரோமணி கதவைத் திறந்ததில்லை.

அவர் உதட்டில் விரலை வைத்து வரிசையைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"சொல்லும்மா."

"அவருக்கு ரொம்ப முடியலண்ணா. ஐசியூல இருக்காரு. உங்களப் பாக்கணும்னு கேட்டுகிட்டே இருக்காரு."

"எவ்வளவு கட்டணும்?"

"பணம் எல்லாம் வேணாம்ணா. நீங்க வந்தா போதும்."

எடுத்ததும் பணம் கேட்க மாட்டார்கள் என்றும் காலேப் சொல்லியிருந்தான்.

"வரேன். அதுக்கு முன்னாடி, இந்த வருஷ வாக்குத்தத்தம் என்னன்னு சொல்லு."

அந்தக் குரல் ஒரு வசனத்தைச் சொன்னது. ஆழமான தண்ணீரைக் கடப்பவர்களோடு கூட இருப்பதைப் பற்றியது. அழுகை நடுவில் அறுத்தும் கடைசி வரை சொன்னது.

"தப்பு," என்றார் வேதசிரோமணி. "நல்லா மனப்பாடம் பண்ணிட்டு நாளைக்கு வா."

மில் முழுவதும் சிரித்தது. அவர் போனை அணைத்தார். கோதுமைப் பையோடு நின்ற லோகநாயகி மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அந்தம்மா அழுதது நெசம் மாதிரி கீது."

"அதாம்மா கம்ப்யூட்டர்."

கரண்ட் வந்தது. மெஷின் சத்தத்தில் பேச்சு நின்றது.

வீட்டில் மனைவி கெசியா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேதசிரோமணி மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் கதையைச் சொன்னார். தங்கையின் குரலில் ஒருமுறை, தன் குரலில் ஒருமுறை என்று நடித்தும் காட்டினார்.

"என்ன வசனம் சொன்னா?" என்றார் கெசியா.

சொன்னார்.

கெசியா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "அது ரத்தினம் சபையில இந்த வருஷம் குடுத்த வசனங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜனவரியிலேர்ந்து ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா. நீங்க நம்பர பிளாக் பண்ணா எனக்கும் கண்ணு அவிஞ்சிடுமா?"

வேதசிரோமணி நின்றபடியே இருந்தார். வருடத் தொடக்கத்தில் எந்தக் கிறிஸ்தவர் இன்னொருவரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான் அது. உங்களுக்கு என்ன வாக்குத்தத்தம் வந்தது என்று கேட்பார்கள். அவரவர் தமக்கு வந்ததைச் சொல்வார்கள். அவளும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த எண்ணை அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள். "நான் ஸ்டாஃப் நர்ஸ் சார். அவங்க போன் பண்ணா உங்களுக்குப் போகலன்னு என் போன வாங்கிப் பேசினாங்க." ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். ஜிஎஸ்டி ரோட்டில்தான் இருந்தது. பேஷண்ட் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, நேரில் வாருங்கள் என்றாள்.

கேம்ப் ரோடு முழுக்கப் பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் அடைத்துக்கொண்டு நின்றன. யார் ஹாரன் அடித்தாலும் அவர் திரும்பவில்லை. கெசியா பின்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐசியூவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் ரத்தினபாய் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. அந்தச் சபையில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இப்பதாண்ணா போயிட்டாரு. துணி மாத்தறாங்க."

கெசியா அவளைக் கட்டிக்கொண்டார். வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எவனோ ஏமாத்தறான்னு நெனச்சேன்மா. குரல எல்லாம் இப்ப செஞ்சிடறாங்க. அதுக்காகத்தான் வசனம் கேட்டேன்."

ரத்தினபாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க சபை வசனம்கறதால தப்புன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா."

"சுத்தி ஆளுங்க சிரிச்சாங்க."

அவர் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"உள்ள போனேன். அண்ணன் என்ன சொன்னாருன்னு கேட்டாரு. பேச முடியல, கையாலதான் கேட்டாரு. கிளம்பிட்டாருன்னு சொன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் கதவத்தான் பாத்துகிட்டிருந்தாரு."

நர்ஸ் கதவைத் திறந்து, சொந்தக்காரர் ஒருவர் வரலாம் என்றாள். ரத்தினபாய் அண்ணனைக் கையால் போகச் சொன்னாள். வேதசிரோமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். ஆசீருக்கு வேட்டி மாற்றியிருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். "மச்சான்," என்று வேதசிரோமணி ஒருமுறை கூப்பிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் முடிச்சூரில் அடக்கம். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஆசீரின் மகள் ஜெரூஷா கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். பத்து மணிக்குச் சபையார் பாட்டோடு ஆராதனையைத் தொடங்கினார்கள். பாஸ்டர் குடும்பத்தார் யாராவது பேசலாம் என்றார். வேதசிரோமணி எழுந்து, ஆசீர் ஸ்டோர்ஸில் சேர்ந்த வருடத்தையும் அவர் கணக்கில் ஒருநாளும் பிழை வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மதியத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மண் ஈரமாக இருந்தது. வேதசிரோமணி மூன்றாவதாக மண் போட்டார். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் இட்லியும் காபியும் கொடுத்தார்கள். ரத்தினபாய் உள் அறையில் பெண்களோடு இருந்தாள். மூன்று மணிக்கு வேதசிரோமணியும் கெசியாவும் கிளம்பினார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.