செல்வின் போட்ட கையெழுத்து

12-06-2020: சீனிச்சாமி எடுத்த மருத்துவக் காப்பீடு, முதல் ஆண்டுப் பிரீமியம் ரூ. 9,840
14-11-2022: மதுரையில் சீனிச்சாமிக்கு இதய அறுவை சிகிச்சை, ரூ. 2,86,400
09-01-2023: அதற்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது, ரூ. 0
31-03-2023: செல்வின் சென்னையில் வாங்கிய கடைசி மாதச் சம்பளம், ரூ. 94,500
05-06-2023: செல்வினின் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் முதல் நாள் வருமானம், ரூ. 46

நான்காவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்கு செல்வின் தாமாகவே இறங்கி வந்தார். மூன்றாவது வரியிலும் தாம் இருப்பது அவருக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு வரும் மனுக்களைப் படித்து, கொடுக்கலாம் அல்லது கொடுக்க வேண்டாம் என்று எழுதுவது வேலை. ஒரு நாளைக்கு அறுபது கோப்புகள். சாப்பாட்டு நேரம் போக, கோப்பு ஒன்றுக்கு ஏழு நிமிடம். 2023 பிப்ரவரியில் ஒரு ஓட்டலில் விழா நடத்தி அவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதுவரையான ஓராண்டில் அவர் வேண்டாமென்று எழுதிய மனுக்கள் 1,114 என்று மேடையில் வாசித்தார்கள். கைதட்டல் அடங்கியதும், அந்த 1,114 பேரின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். "பேரெல்லாம் எதுக்கு செல்வின்? கவுண்ட் போதும்" என்று அவர் சிரித்தாராம். மறுநாள் காலை செல்வின் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தேழு ஆண்டுகள் ஆள்வருகையை எண்ணிக்கொண்டு இருந்தவன் நான். ஒரு எண்ணைப் பார்த்து, இதற்குள் இருக்கும் பெயர்கள் எவை என்று கேட்டவரை அதுவரை நான் சந்தித்ததில்லை.

கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் அவர் பிடித்த கடை பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. போர்டில், காப்பீட்டுக் கடிதங்கள் இலவசமாகப் படித்துச் சொல்லப்படும் என்று எழுதி வைத்திருந்தார். மூன்று வாரம் கடிதத்தோடு ஒருவரும் வரவில்லை. பக்கத்துப் பால்கோவா கடை ரங்கநாத் அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"ஏலே, இலவசம்னா எவன் நம்புவான்? அஞ்சு ரூவான்னு போடு" என்றார்.

செல்வின் போர்டை மாற்றினார். அந்த வாரமே நான்கு பேர் வந்தார்கள்.

20-09-2023, புதன்கிழமை. பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று எடுக்க நான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். என் கைரேகை மிஷினில் விழாமல் உட்கார்ந்திருந்தபோது வன்னியம்பட்டியிலிருந்து அன்னத்தாய் வந்தார். சீனிச்சாமியின் மனைவி.

"தம்பி, இதுல பத்து காப்பி போடுங்க. கலெக்டருக்கு ஒண்ணு, மந்திரிக்கு ஒண்ணு. மிச்சத்தை யாருக்கு அனுப்பன்னு பொறவு யோசிச்சுக்கிடுதேன்."

அவர் நீட்டிய காப்பீட்டு நிறுவனக் கடிதத்தைச் செல்வின் மிஷின் கண்ணாடி மேல் வைத்தார். மூடியை மூடவில்லை.

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க."

"ஏன், மிஷின் ரிப்பேரா?"

"இல்லக்கா. இதுல இருக்க கையெழுத்து என்னோடது."

அன்னத்தாய் கடிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அவியளுக்கு சுகர் இருந்ததை மறைச்சுட்டோம்னு எழுதுனது நீங்களா?"

"ஆமா. அஞ்சு வருசமா இருக்குன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்துச்சு."

"அவியளுக்கு சுகரே கெடையாதுய்யா. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். கேக்கல."

ஏழு நிமிடக் கணக்கை அவர் அப்போது சொல்லவில்லை. அது வேறொரு நாள், நானாகக் கேட்டபோது சொன்னது.

அன்னத்தாய் எழுந்து போகவில்லை. போக வேறு இடம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சிகிச்சைக்கு மாட்டையும் நகையையும் விற்றிருந்தார்கள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள், படிப்பைப் பாதியில் விட்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். 31-03-2024-க்குள் கட்டணம் கட்டினால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வின் வன்னியம்பட்டிக்குப் போனார். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. கூடப் போகிறவர்தான் டாக்டரிடம் பேசுவார். படுத்திருப்பவரைப் பேசவிடுவது கூடப் போனவருக்குக் கௌரவக் குறைவு. சீனிச்சாமியுடன் மதுரைக்குப் போனவர் பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி.

"நான்தாம்யா சொன்னேன்" என்றார் தங்கச்சாமி. "நர்சம்மா சுகர் உண்டா, எத்தன வருசமான்னு கேக்குது. இவன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கான். இவ அழுதுக்கிட்டு நிக்கா. தெரியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அஞ்சு வருசம்ங்கிற கணக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்கு அஞ்சு வருசமா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே கடையிலதான டீ குடிக்கோம்?"

கட்டிலில் இருந்த சீனிச்சாமி தலையைத் தூக்கினார். "ஏலே, சீனி தூக்கலாப் போடுன்னு கேட்டு வாங்கிக் குடிக்கது நீ!"

செல்வின் மனுவின் நகலைப் புரட்டினார். தொடர்பு எண் என்ற இடத்திலும் தங்கச்சாமியின் போன் நம்பர்தான் இருந்தது.

"அப்ப இந்தத் தம்பி போன் போட்டிருந்தாலும் அண்ணன்தான் எடுத்திருப்பாரு" என்றார் அன்னத்தாய். "எனக்கும் சேத்து சுகர் இருக்குன்னுருப்பாரு."

அன்று முதன்முதலாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். செல்வின் சிரிக்கவில்லை.

சீனிச்சாமி வேலை பார்த்தது எங்கள் ஆலையில். தொழிலாளர்களுக்கு அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை நடக்கும். 2011-ல் அந்தப் பதிவேட்டைக் கோடு போட்டுத் தொடங்கியவன் நான் என்பதால், அது இருக்கும் பீரோவைச் சொன்னேன். மற்றதெல்லாம் செல்வின் செய்தது. ஆலை நிர்வாகம் மூன்று முறை அவரைத் திருப்பி அனுப்பியது. நான்காம் முறை, 19-10-2023 அன்று, பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளுக்குச் சான்றிட்ட நகல் கொடுத்தார்கள். கடைசிப் பதிவு அறுவைக்கு மூன்று மாதம் முந்தியது. பன்னிரண்டிலும் சர்க்கரை சரியான அளவில் இருந்தது.

அதை வைத்து அன்னத்தாயின் பெயரில் செல்வின் நிறுவனத்துக்கு எழுதினார். முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லிப் பதில் வந்தது. அடுத்தது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அந்த மனுவுடன் இணைக்கச் செல்வின் தம் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். மனுதாரரையோ மருத்துவரையோ ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மனுவைத் தள்ளியவன் நான் என்பது அதன் முதல் வாக்கியம். அப்படி ஒரு கடிதம் போனால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இனி அவரை வேலைக்கு எடுக்காது. கடையில் அப்போது மாதம் ஒன்பதாயிரம் நின்றால் அதிகம். வீட்டு வாடகை, அவருடைய மனைவி ஜூடியின் டீச்சர் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஜூடி கடைக்கு வந்து அந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தார்.

"நாளைக்குக் கடை ஓடலன்னா திரும்பப் போலாம்னு ஒரு நெனப்பு இருந்துச்சுல்ல, அதுவும் இதோட போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அனுப்புங்க. ஒரு காப்பி எடுத்து வைங்க. பிள்ளைக பெரிசானதும் அப்பா ஏன் வேலைய விட்டாருன்னு கேக்கும். நான் வாயால சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்."

06-11-2023 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்தில் அது பதிவுத் தபாலில் போயிற்று. ரசீதை ஒரு முறை நான் கையில் வாங்கிப் பார்த்தேன்.

விசாரணை 24-01-2024, கம்ப்யூட்டரில், அந்தக் கடையிலேயே. ரங்கநாத் தம் கடை வாசலில் நின்று, பால்கோவா வாங்க வந்தவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் இருந்த குறைதீர்ப்பாளர், இந்த மனுவை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று அன்னத்தாயைக் கேட்டார்.

"முன்னால குடுக்கக் கூடாதுன்னு எழுதுனவரேதான் சார். இந்தா, பக்கத்துல இருக்காரு" என்று அன்னத்தாய் கம்ப்யூட்டரைச் செல்வின் பக்கம் திருப்பினார்.

செல்வின் எழுந்து நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் எழுந்து நிற்பது அவசியமில்லை. திரையில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டுமே தெரிந்திருக்கும். அப்படியே நின்று, தம் கடிதத்தில் எழுதியிருந்ததைத் தம் வாயாலும் சொன்னார்.

முழுத் தொகையையும் கொடுக்கும்படி பிப்ரவரியில் உத்தரவு வந்தது. ஆனால் பணம் வரவில்லை. மகள் நாள்தோறும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிறுவனத்துக்குச் செல்வின் வாரம் ஒரு கடிதம் எழுதினார். அதே நாட்களில் வேறு பதினேழு பேருக்கும் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் பெயரும் ஊரும் ஒரு நீள நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நோட்டில் அவர் எண் போடுவதில்லை. பதினேழு என்பது நான் எண்ணியது.

கடைசியில் நிறுவனத்திலிருந்து அன்னத்தாய்க்குக் கடிதம் வந்தது. பழைய அதே அச்சுத் தாள், கீழே வேறு ஒருவரின் கையெழுத்து. ரூ. 2,86,400 அவர் கணக்கில் செலுத்தப்பட்டது என்று இருந்தது. அவர் அதைக் கடைக்குக் கொண்டுவந்து செல்வினிடம் கொடுத்தார்.

"இதுல ரெண்டு காப்பி போடுங்க தம்பி. ஒண்ணு தங்கச்சாமியண்ணனுக்கு."

"இன்னொண்ணு?"

"உங்களுக்குத்தான். அந்தப் பழைய காயிதத்துக்குப் பின்னால குத்தி வைங்க."

செல்வின் கடிதத்தைக் கண்ணாடி மேல் வைத்து மூடியை மூடினார். கல்லூரியில் பணம் கட்ட இன்னும் இருபத்தாறு நாட்கள் இருந்தன. கடிதம் வந்த தேதி 05-03-2024.