வில்லாபுரத்தில் ஏறாத சார்ஜ் உசிலம்பட்டிப் பக்கம் ஏறியது

முதலில் இரண்டு திருத்தங்கள். “டீச்சர் எழுபத்து மூன்று வயதில் லாரி ஓட்டிக்கொண்டு உசிலம்பட்டி போய்வந்தார்” என்று எங்கள் பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் இடப்பக்க இருக்கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அது லாரியும் அல்ல, முக்கால் டன் ஏற்றும் மின்சார சரக்கு வண்டி. இரண்டாவது, நான் டிரைவரை விரட்டிவிட்டதாக ஒரு பேச்சு. விரட்டவில்லை. இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாக அவரேதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குக் காரணம் நான். மின்சார வண்டியோடு மதுரையைச் சுற்றிப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பழங்காநத்தத்தில் எங்களுக்கு ஒரு நோட்டு பைண்டிங் கடை உண்டு. நானும் என் கணவரும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தொடங்கியது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு நோட்டுக் கட்டுகளைப் பதினொரு ஆண்டுகளாகக் கொண்டு சேர்ப்பவர் ஒச்சப்பன். நாற்பத்தாறு வயது, அவனியாபுரத்தில் குடியிருக்கிறார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன அக்டோபரில் பழைய டீசல் வேனைக் கொடுத்துவிட்டு இந்தப் புது வண்டியை வாங்கினேன். இரவில் அது வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும். ஒச்சப்பன் சார்ஜ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

மழை மாதங்களில் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரியிலிருந்து சில நாள் காலையில் பார்த்தால் பேட்டரி பாதியில் நிற்கும், சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். என்ன கோளாறானாலும் அதே ஒரு சிவப்பு விளக்குதான். சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை அனுப்பினேன். அங்கே ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஏறியது. மூன்றாவது முறை ஜாப் கார்டில் “டிரைவர் பிளக்கைச் சரியாகச் சொருகவில்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான் கணக்கு எழுதாமல் எதையும் நம்புகிறவள் அல்ல. ஐந்து வாரம் தேதி போட்டு எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் இரவில் போட்ட சார்ஜ் தவறாமல் முழுதாக ஏறியிருந்தது. மற்ற நாட்களில் பெரும்பாலும் இல்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவுக்கு மாலையில் குடிநீர் விடும் நாட்கள். தொட்டி நிரப்புவதற்காக நான் வாசலிலேயே நிற்பேன். ஆகவே, நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒச்சப்பன் ஒழுங்காகச் சொருகுகிறார், இல்லாவிட்டால் ஏனோதானோ என்று செய்கிறார் என முடிவு கட்டினேன். மறுவாரம் வண்டி தாமதமாகப் போனபோது, ஒரு பள்ளித் தாளாளரின் எதிரிலேயே, “ஒரு பிளக் சொருகக்கூடவா தெரியாது?” என்று கேட்டுவிட்டேன். அன்று மாலை சாவியைக் கொடுக்கும்போது, திருமங்கலத்தில் ஒரு அரிசி ஆலை லாரிக்கு ஆள் கேட்கிறார்கள், மாதக் கடைசியில் போகலாம் என்றிருக்கிறேன் என்றார்.

தவறு அவருடையதுதானா என்று நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம். போன புதன் மாலை ஏழரைக்கு அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே பிளக்கைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிவதை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வியாழன் காலை ஐந்து பத்துக்கு வந்து பார்த்தால் சிவப்பு. பேட்டரி நாற்பத்தாறு சதவீதம். ஒச்சப்பனும் பார்த்தார். ஒயரைச் சுருட்டிப் பின்னால் வைத்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தவறு அவருடையதல்ல என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, பழங்காநத்தத்தில் அறுபது கட்டு ஏற்றிக்கொண்டு, ஏழு மணிக்குத் திருமங்கலம். வீட்டிலிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர். பொது சார்ஜிங் நிலையத்தில் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் எண்பத்தெட்டு சதவீதம் வரை ஏறியது. நூற்றுத் தொண்ணூறு ரூபாய். அங்கே கழிவறை உண்டு, தண்ணீர் வராது. பெண்கள் பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு அங்கே கேட்டுக்கொள்ளலாம். இட்லி மிருது, சட்னியில் உப்பு கூடுதல்.

உசிலம்பட்டிக்கு அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். புளியமரங்கள் நிழல் தரும் இடங்களைத் தவிர இரு பக்கமும் வெடித்துக் கிடந்த நிலம். கட்டுகளை அங்கே ஒரு பள்ளியில் எண்ணி இறக்கி முடித்தபோது மணி பதினொன்று. திரும்பிவரச் சார்ஜ் போதுமா என்று எனக்குச் சந்தேகம். ஒச்சப்பன்தான், ஆறு கிலோமீட்டரில் அக்கா வீடு, மோட்டார் ரூமில் பிளக் இருக்கிறது என்றார்.

அக்கா பேச்சியம்மாள் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“ஏண்டா, புது வண்டி புது வண்டின்னு அம்புட்டுப் பீத்துன, இதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சா?”

“நீ வேற ஏன்க்கா. பிளக்கு எங்கன இருக்கு?”

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சொருகினார். பச்சை வந்தது. எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன், சிவப்பு. ஒச்சப்பன் என் முகத்தைப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினார். மறுபடியும் சிவப்பு.

“ஒச்சப்பன், நீங்க சரியாத்தான் சொருகுனீங்க. நேத்து நானே சொருகியும் ஏறலை” என்றேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். “அதுக்கு ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக? எர்த்துக் குழி காஞ்சு கெடக்கும். முந்தாநேத்து மோட்டாரத் தொட்டேன், சுர்ருன்னுச்சு. மறந்தே போனேன்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு குடம் தண்ணீர் மொண்டு வந்தார். சுவரை ஒட்டித் தரையில் ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஊற்றினார். எர்த் கம்பி இறங்கும் குழாய் அது; சுற்றியுள்ள மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, சார்ஜரும் பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

“இந்த வெயிலுக்கு நமக்கே தண்ணி தவிக்குது. செத்த பொறுங்க டீச்சரம்மா, ஊறட்டும்.”

பன்னிரண்டு எட்டுக்குச் சொருகியபோது பச்சை வந்தது. அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அணையவில்லை. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலால்தான் என்று பேச்சியம்மாள் நினைத்து மோர் கொண்டுவந்தார்.

வில்லாபுரத்து வீட்டின் பக்கச் சுவர் ஓரமும் இப்படி ஒரு குழாய் உண்டு. முப்பத்தொரு வருடம், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், என் கணவர் இரண்டு வாளி தண்ணீர் அங்கே ஊற்றுவார். செடி இல்லாத இடத்தில் எதற்குத் தண்ணீர், வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்கிறது என்று நான் சத்தம் போடுவேன். “இருக்கட்டும்மா” என்பார். ஒருமுறைகூட எதற்கு என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் போனபின் அந்த இடத்தில் துளசித் தொட்டியும் பழைய அம்மியும் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் மண் ஈரம். மழை நின்றபின், செவ்வாயும் வெள்ளியும் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து அந்தச் சுவரோடு இறங்கும். என் நோட்டில் எல்லாம் இருந்தது. நான்தான் அதில் ஒச்சப்பனின் குற்றத்தைப் படித்தேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். செக்கானூரணியில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன்.

“தப்பு என்னோடது. தாளாளருக்கும் எழுதிடறேன். அரிசி ஆலைக்குப் போறீங்களா, இருக்கீங்களா?”

“நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர்.”

“நான் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு என்ன தோணுது?”

“பரவால்லைங்க டீச்சர். டீ ஆறுது.”

நான்கே காலுக்கு வீடு. மொத்தம் நூற்று எட்டு கிலோமீட்டர். அம்மியை ஒச்சப்பன் நகர்த்தினார், தண்ணீரை நான் ஊற்றினேன். மண் நெடுநேரம் குடித்துக்கொண்டே இருந்தது. சேலையில் தெறித்த சேற்றோடு அப்படியே நின்றேன். மறுநாள் காலை பேட்டரி நூறு.

போக நினைப்பவர்களுக்கு: வண்டி வாங்குமுன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவது அன்றைக்குத்தான் உதவும். என் வீட்டில் சனிக்கிழமை புதுக் குழியே தோண்டினோம். கிராமத்து மோட்டார் ரூம்களில் சார்ஜ் போடும்போது முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். கோளாறு வந்துபோகிறது என்றால், நாளோடு சேர்த்து மழை பெய்ததா, தண்ணீர் வந்ததா என்றும் எழுதுங்கள். பக்கத்தில் நின்றவர் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

தாளாளருக்குக் கடிதம் போட்டாயிற்று. ஜாப் கார்டில் அந்த வரியை அடித்துத் தருமாறு சர்வீஸ் சென்டரிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒச்சப்பன், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். தாளாளர் எதிரில் அப்படிப் பேசியது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. நேரில் கேட்டால் “சரிங்க டீச்சர்” என்பீர்கள், போனிலும் அதையேதான் சொல்வீர்கள். போவதானால் நல்ல சான்றிதழ் எழுதித் தருகிறேன், மனக்குறை வைக்கமாட்டேன். இருப்பதானால் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இங்கே எழுதி உங்களை நெருக்க விரும்பவில்லை. இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று ஒரு தாளில் உங்கள் கையால் எழுதித் தாருங்கள்.