மூன்றாவது பாட்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

இது நடந்தது 2003-இல், காரைக்காலில். அப்போது ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பிரெஞ்சு படிக்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ஃப்ரான்ஸில் அண்ணன் இருப்பான், மாமா இருப்பார், இல்லாவிட்டால் விசா வரவிருக்கும். எனக்கு அப்படி யாரும் கிடையாது. மாலையில் வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்று தப்பித்து வந்தவள் நான். வயது இருபத்தெட்டு. வந்த இரண்டு வரன்களும் கடைசி நேரத்தில் தட்டிப் போயிருந்தன. ஆனால் வகுப்பில் நான்தான் முதல். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வகுப்பில் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டவள். ஆறு வயதிலேயே பெற்றோரோடு அங்கே போய்விட்டவர் அவர். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். கல்யாணம் முடிந்து பதினெட்டாம் நாள் திரும்பிப் போய்விட்டார். இவள் பேப்பர்கள் சரியாவதற்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் வரும். சுற்றிலும் அப்பா, அம்மா, சித்தி என்று எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "நல்லா இருக்கியா", "இருக்கேன்". அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் அவர் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். சென்ட், சாக்லேட், கூடவே ஒரு பிரெஞ்சு ராக் குழுவின் சி.டி. அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டில், கோணல்மாணலான தமிழ் எழுத்தில், "மூணு கேள்" என்று எழுதியிருந்தது. மூன்றாவது பாட்டைக் கேள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

சி.டி.யை அவள் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். மாதா கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் எங்களோடு படித்தான். அவன் அதைக் கேசட்டில் பதிவு செய்து எல்லாருக்கும் கொடுத்தான். உறையில் பாட்டு வரிகள் அச்சாகியிருந்தன. அதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம். வாத்தியாரிடம் காட்டினால், "பரீட்சைக்கு வராததையெல்லாம் வெளில வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

நாங்களும் வெளியில்தான் வைத்துக்கொண்டோம். வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பேக்கரியில் உட்காருவோம். நான், அவள், கிடார்காரன், ஃப்ரான்ஸ் போகக் காத்திருந்த ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன், நாலு பேர். அந்தக் குழுவின் பெயரை எங்களில் யாருக்கும் சரியாக உச்சரிக்கக்கூட வராது. ஆனாலும் ஒரே மாதத்தில் வெறி பிடித்த ரசிகர்களாகிவிட்டோம். பட்டினம் போகும் பஸ் ஒன்றிரண்டைத் தவறவிட்டுத்தான் அவள் கிளம்புவாள்.

அந்த மூன்றாவது பாட்டுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. பாடுபவன் ஒரு படிக்கட்டில் நிற்கிறான். மேலே ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. வீட்டுச் சாவியை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான். எனக்குத் தட்டு வைக்காதே, என் நாற்காலியை மட்டும் நகர்த்திவிடாதே என்கிறான். பாட்டு அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிடாரும் டிரம்ஸும்.

கிடார்காரன், "அவன் செத்துட்டான்க்கா. ஆவி பாடுது" என்றான். எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஷிஃப்டுக்குப் போறவன் பாட்டும்மா இது. கம்பெனி கேண்டீன்லயே சாப்பிட்டுடுவான், அதான் தட்டு வேணாங்கறான்" என்றார். சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "அப்ப அவன் திரும்பி வீட்டுக்கு வருவானா, மாட்டானாக்கா?"

நான் ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவன் விட்டுவிட்டுப் போகிறான். சாவியை எறிந்தவன் திரும்பி வரமாட்டான். நேரில் சொல்ல மனமில்லாதவன் இப்படித்தான் சுற்றிவளைத்துச் சொல்வான். நாற்காலி ஒரு சமாதானம், அவ்வளவுதான். வரிவரியாக எடுத்துக்காட்டி வாசித்தேன். "சரிம்மா, நான் ஒத்துக்கறேன்" என்று எலெக்ட்ரீஷியன் அண்ணனே கையைத் தூக்கிவிட்டார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பரீட்சையில்கூட வந்ததில்லை.

"அந்தப் பேப்பரைத் தாங்கக்கா" என்று அவள் கேட்டாள். பெருமையோடு நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் அவளுக்கு விசா தேதி கொடுத்திருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த அலைச்சலில் இருப்பாள் என்று நினைத்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன பிரெஞ்சு அகராதியை வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாண்டிச்சேரி போற அன்னிக்கு வயித்து வலின்னு படுத்துக்கிட்டா. அந்தத் தேதியே போயிடுச்சு. மாப்பிள்ளை ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. நீங்களாவது கேளுங்க, எப்பப் பாரு உங்களைப் பத்திதான் பேசுவா" என்றார்.

உள்ளே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சி.டி. உறையிலிருந்து என் காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, நேர்ல சொல்ல மனசில்லாதவன் இப்படித்தான் சொல்லுவான்னு. வேணாம்னு நினைக்கறவர்கிட்டே நான் எதுக்குப் போகணும்?"

"நான் பாட்டைப் பத்தித்தானேம்மா சொன்னேன்" என்றேன்.

"எனக்கு அவர்கிட்டேருந்து வந்ததே அந்தப் பாட்டு ஒண்ணுதானேக்கா" என்றாள்.

அந்த மாதம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் ஒரு பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் தன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

மதியம் ஃபோன் அடித்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நான் எழுந்துபோய் எடுத்தேன். வகுப்பில் படித்த பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூட அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. உங்கள் மனைவியோடு படிக்கிறவள் என்று தமிழிலேயே சொல்லி, "அந்த மூணாவது பாட்டை எதுக்குங்க கேக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"பாட்டா? அதுல கிடார் நல்லா இருக்கும். வேலைக்குப் போறப்ப டிரெயின்ல தினம் கேப்பேன். அவங்களும் கேக்கட்டும்னு" என்றார்.

"அதோட அர்த்தம்?"

"வார்த்தை நான் கவனிச்சது இல்ல" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "அவங்க ஃபோன் எடுக்கல. மூணு வாரம். என்னைப் பிடிக்கல போல. வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடச் சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டேன். ரைஸ் குக்கர் வாங்கி வச்சேன். பரவால்ல, என் அக்காவுக்குக் குடுத்துடுவேன்."

அதற்குமேல் கேட்க என்னால் முடியவில்லை. ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே அவள் குரல் கேட்டது. "நான் வரணுமா, வேணாமா? நேரா சொல்லுங்க." அப்புறம் வெகுநேரம் அவர்தான் பேசியிருக்க வேண்டும். அவள் அழுததும், நடுவில் ஒருமுறை சிரித்ததும் கேட்டது.

மறுபடி தேதி வாங்க நாலு மாதம் ஆயிற்று. இந்த முறை அவள் பாண்டிச்சேரிக்குப் போனாள், பிறகு பாரீஸுக்கும் போனாள். நடந்ததைக் கேட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன், "நான் அப்பவே சொன்னேனேம்மா, வேலைக்குப் போறவன் பாட்டுன்னு" என்று என்னைக் கலாய்த்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. கிளம்புவதற்கு முதல்நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தப்பாக அர்த்தம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். "பாட்டு அப்படி இருந்தா நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்று கட்டிக்கொண்டாள். பாட்டு அப்படி மட்டும் இல்லை. வருவான் என்றும் அதே வரிகளை வைத்து ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். அகராதியோடு உட்கார்ந்த அந்த வாரம், திரும்பி வருபவனாக அவனை ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கப் பிடிக்கவில்லை. பதினெட்டு நாள் பார்த்த ஒருவனுக்காக ஒருத்தி அப்படிக் காத்திருப்பதைத் தினம் எதிரில் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்று யாராவது என்னிடம், அவர் என்ன நினைத்து இப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசனை கேட்டால், அவரையே கேட்டுவிடுங்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். அடுத்தவர் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல உட்கார்ந்தால், என் மனதில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பேனோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.