மாலை தாங்காத கயிறு

சேறு பிழியும் இயந்திரங்களை வடிவமைப்பது என் வேலை. நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் சேற்றை இரண்டு அகலமான பெல்ட்டுகளுக்கு நடுவே விட்டு, உருளைகளால் நசுக்கித் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். கரும்பு மிஷின் மாதிரி என்று ஒருமுறை வீட்டில் விளக்கினேன். அதிலிருந்து என்னோடு கடைக்கு வந்தால் யாரும் கரும்புச்சாறு குடிப்பதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் என் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அக்கா வீட்டுக்காரர்; பாவா என்றுதான் கூப்பிடுவேன். உருளையில் கை மாட்டினால் இழுப்பதற்காக இயந்திரத்தின் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு வைத்திருந்தேன். இழுத்தால் அப்படியே நின்றுவிடும். லேசாகத் தொட்டு இழுத்தாலே நிற்க வேண்டும் என்று கம்பெனியில் சண்டை போட்டு அப்படிச் செய்ய வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போயிருந்தேன். இயந்திரம் முழுக்கச் சந்தனம், குங்குமம். திருத்தணி மலையடிவாரத்தில் வாங்கிவந்த சாமந்தி மாலைகள் கயிறு நெடுக அடர்த்தியாகத் தொங்கின.

"என்ன பாவா, கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஜோடிச்சிருக்கீங்க?"

"ஆங், உன் மிஷினாச்சே" என்று சிரித்துக்கொண்டே ஓட்டிக் காட்டினார்.

ஒரு மாலை நழுவி பெல்ட்டில் விழுந்தது. எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அதன் நுனியை உருளை கவ்விவிட்டது. பூத்தொடுத்த நூல் அவர் விரல்களில் சுற்றிக்கொண்டு கையை உள்ளே இழுத்தது. இடது கையால் கயிற்றை இழுத்தார். இயந்திரம் நிற்கவில்லை. மறுபடி இழுத்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

என் இயந்திரம் நிற்கவில்லை. அதை நம்பவே முடியாமல் ஒரு கணம் மரம்போல நின்றுவிட்டேன். பிறகு சுவரிலிருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். நான் அதை அணைத்தபோது இரண்டு விரல் நுனிகள் உருளைக்குள் போயிருந்தன.

கையை விடுவித்தபின்தான் கயிற்றைப் பார்த்தேன். இடத்துக்கு இடம் மஞ்சள் நூலால் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். விரல்கள் பிழைத்துவிடும், நகம் போய்விடும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "யார் பாவா கயித்தைக் கட்டினது?"

"நான்தாம்மா. பூஜை போட்டு மொதல்ல ஓட்டறப்ப நின்னா ஆகாது. மாலை வெயிட்டுக்கே நின்னு நின்னு போய்கினு இருந்துச்சு. அதான் கட்டிட்டேன்."

"நீங்களே கட்டிட்டு, பின்ன எதுக்கு அதையே புடிச்சு இழுத்தீங்க?"

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டினது ஞாபகமே வர்ல. நீ வச்ச கயிறு, நின்னுடும்னு இழுத்தேன்."