சவரி அண்ணன் துடைத்த புள்ளிகள்

போன வாரம் மகள் தன் காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். யோசனை கேட்க அல்ல. காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏறி உட்காருவதுதான்; கதவைக்கூட இரண்டு தடவை இழுத்தால்தான் சாத்த வருகிறது. வீட்டில் தனியாக விட்டால் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்துபோவேன் என்று அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான்.

வெள்ளைக் கார். அதன் முன்மூடியிலும் கூரையிலும் கடுகைவிடச் சிறியதாகக் காவிப் புள்ளிகள். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே போய்த் தடவினால் விரலில் சொரசொரவென்று படும். பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ரயில் ரோட்டுப் பக்கமா நிப்பாட்டுறீங்களா, டீச்சர்?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம் என்றாள் மகள்.

"அதான். இது வண்டியோட துரு இல்ல. ரயிலு பிரேக்கு போடுறப்ப இரும்புத்தூளு பறக்கும். கண்ணுக்கே தெரியாது. பெயிண்டுல வந்து குத்தி உக்காந்துக்கிரும், பனி பட்டதும் துருவாயிரும். நீங்க எம்புட்டு நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனாலும் வரத்தான் செய்யும்."

நான் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று மகள் கேட்டாள். வெயில் என்றேன்.

அவர் ஏதோ ஒரு திரவத்தைப் பீய்ச்சினார். புள்ளிகள் ஒவ்வொன்றும் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து கோடு கோடாக வழிந்தன. அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது. மகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நாற்றம் பழக்கமானது. ஆட்டுத்தோலை மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்களே, அந்தத் தொட்டியோரம் இதே வாடைதான் அடிக்கும். இருபத்து மூன்று வயதில் அந்த வாடையில்தான் நான் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் என் சட்டையே நாறியது, எனக்குத்தான் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்ததை நான் வெகுநாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தோல் வியாபாரம் பார்த்த எங்கள் முதலாளி, சரக்கு அனுப்ப வசதியாக ஆபீசைத் திண்டுக்கல் ஸ்டேஷனை ஒட்டி மாற்றியிருந்தார். மதுரையிலிருந்து வண்டி வந்து பிரேக் போட்டால் கிறீச்சென்ற சத்தத்தில் பேச்சு பாதியில் நிற்கும். வண்டி நின்றபிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். ஆபீசுக்குப் பின்னால், தண்டவாளத்தைப் பார்த்தபடி, முதலாளி தன் காருக்கு ஒரு கொட்டகை போட்டார். மூன்று பக்கம் தட்டி, ரயில்பாதைப் பக்கம் திறப்பு. காற்று வர வேண்டுமாம். கார் வெண்ணெய் நிறத்தில் ஒரு சீமைக் கார். அதை ஓட்டியவர் சவரிமுத்து, எனக்குச் சவரி அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது நாற்பது இருக்கும். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை கிடையாது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராகக் கொட்டகைக்குத்தான் வருவார். அந்தக் காரைத் தொட்டுப் பேசுவார். "நேத்து ஒட்டன்சத்திரம் ரோட்டுல என்னா பாடு படுத்துன" என்று அதட்டுவார். சிரிக்காதீர்கள், அதற்குப் பதில் வந்ததுபோல அவர் தலையாட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். இருக்கிற கிணறெல்லாம் உப்பு. முதலாளிக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது, அங்கே கிணற்றில் நல்ல தண்ணீர். தினமும் காலையில் மாட்டுவண்டியில் பீப்பாய் வரும். முதலாளி வீட்டுக்குப் போக, காருக்கென்று இரண்டு குடம். முந்தைய காரை உப்புத் தண்ணீரில் கழுவி அதன் பெயிண்ட் வெளுத்துப்போனதிலிருந்து அப்படி ஓர் ஏற்பாடு. ஆபீசில் வேலை பார்த்த நாங்கள் பதினோரு பேரும் உப்புத் தண்ணீர்தான் குடித்தோம். கார் நல்ல தண்ணீரில் குளித்தது. அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கொட்டகை போட்ட அந்தக் கோடையில் என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் வாடகை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடித்தால் அவளுக்குக் குமட்டும். குடிக்காமல் உதடு வெடித்துக் கிடந்தாள். ஒரு நாள் வெறும் வாய்ப்பேச்சாக இதை அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் அவர் ஒரு குடத்தை என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"வண்டிக்கு ஒரு கொடம் போதும் தம்பி. மிச்சத்துக்குக் கெணத்துத் தண்ணிய எறைச்சுக்கிறேன். வண்டி என்ன வாயத் தொறந்து சொல்லவா போகுது? தங்கச்சி குடிக்கட்டும்."

தினமும் ஒரு குடம். வழியெல்லாம் தளும்பி என் முதுகு நனையும். அவள் முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "இனிக்குதுங்க" என்றாள். பருப்பு வெந்தது. அவள் முகத்தில் மெல்ல மினுமினுப்பு வந்தது. அண்ணன் பெயரைச் சொல்லாமல் அவள் சாப்பிட உட்கார்ந்த நாளில்லை.

இரண்டு மாதம் போனபின் புள்ளிகள் வந்தன. முதலில் கூரையில், பிறகு முன்மூடியில். கூரையைத் தடவிப் பார்த்த அண்ணனின் முகம் இருண்டது. உப்புத்தான் காரணம் என்று இருவருக்கும் தோன்றியது. சந்தேகமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் போய் உட்கார்ந்தேன். பித்தளைக் குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோலப் புளியைக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, ஒவ்வொரு புள்ளியாக ஊறவைத்து ஒற்றினார் அண்ணன். தேய்க்கக் கூடாது, கீறல் விழும் என்பார். நான் தேய்த்தேன், கீறல் விழுந்தது. என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் புள்ளிகள் போயின. அவர் விரல் நுனிகள் புளியில் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

மூன்று வாரத்தில் திரும்பவும் வந்தன. திரும்பவும் புளி. அதற்கடுத்த மாதம் மறுபடியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புள்ளிகள் எதனால் வருகின்றன என்று எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். நம்பிக்கொண்டே தினமும் சைக்கிளில் குடத்தைக் கட்டினேன். "வேண்டாம்ணே" என்று ஒரு நாள்கூட என் வாயில் வரவில்லை. அவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் முதலாளி வெயிலில் நின்று காரைப் பார்த்துவிட்டார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"சவரி, எதுலப்பா கழுவுற?"

"கெணத்துத் தண்ணியிலதான்யா."

"ரெண்டு கொடம் வருதே, அது எங்க போகுது?"

அண்ணன் தரையைப் பார்த்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இங்கனதான உக்காந்திருக்க. தண்ணி எங்க போகுதுன்னு பாத்தியா?"

அந்நேரம் மதுரை வண்டி வந்தது. பிரேக் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. யோசித்துச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது. சத்தம் அடங்கியதும், "தெரியலைங்கய்யா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சும்மா கீழ ஊத்திட்டேன்யா. வீணாப் போச்சு. என் தப்புத்தான்" என்றார். அன்று மத்தியானமே சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வாசலில் என்னைத் தாண்டும்போது, "நாளைக்குப் பீப்பா வண்டிக்காரன்கிட்ட நேராக் கேட்டுப் பாருங்க தம்பி, நல்ல பய, குடுப்பான்" என்றார். அவ்வளவுதான்.

புதிய டிரைவர் வந்தார். இரண்டு குடம் நல்ல தண்ணீரையும் ஊற்றிக் கழுவினார். புள்ளிகள் நிற்கவில்லை. "அந்தப் பய ஊத்துன உப்பு உள்ளுக்குள்ள எறங்கிருச்சு" என்றார் முதலாளி. ஆபீசில் எல்லோரும் ஆமாம் என்றோம். நானும்தான் சொன்னேன். கண்ணுக்கு முன்னால் ரயில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

இந்த மகள் பிறந்தாள். "சவரி அண்ணன் பாக்க வரலையே" என்று மனைவி கேட்டாள். கொடைக்கானலில் ஒரு பெரிய பங்களாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். மகளுக்கு ஐந்து வயதானபோது அவள் காலமானாள்; அதுவரை அப்படியே நம்பினாள். கொடைக்கானலுக்குப் போகிறவர்களிடமெல்லாம் அவரை விசாரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து, ரயில் கொடைரோடில் நின்றபோது. யாருடைய பெட்டிகளையோ தலையில் தூக்கிக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனார். நன்றாக மெலிந்திருந்தார். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியபிறகுதான் மடித்தேன்.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை, கொட்டகை இல்லை. தோட்டத்துக் கிணற்றை மூடி வீடு கட்டிவிட்டார்கள். பீப்பாய் வண்டியை நினைவு வைத்திருப்பவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ. முதலாளி போய்ச் சேர்ந்தார், என்னவள் போனாள். அண்ணன் எங்கே, எப்போது போனார் என்று தெரியாது. அவரை எந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பஸ் ஏறிப் போய், "அண்ணே, தண்ணி இல்லண்ணே, ரயிலுண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். தன்னால்தான் அந்தக் கார் கெட்டது என்று நினைத்தபடியே அவர் போயிருப்பார்.

பட்டறைக்காரர் கடைசியாகத் தண்ணீரை அடித்தார். அரை மணி நேரத்தில் காரில் ஒரு புள்ளி இல்லை. மகள் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "யாரோ சவரின்னு முணுமுணுத்தீங்களே, யாருப்பா அது?" என்று கேட்டாள். தாயின் வயிற்றில் இருந்தபோதே அவள் குடித்தது சவரி அண்ணன் கொடுத்த தண்ணீர். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் அவளிடம் சொன்னதில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவரும்மா" என்றேன். "கொடைக்கானல்ல பெரிய எடத்துல வேலை கெடச்சுப் போயிட்டாரு."